ஹோய் ஆன்: வழிகாட்டியோடு நடந்து சாப்பிடும் சுற்றுலா போகலாமா? கூட ஒருவர் சுத்த சைவம்

உப்பளம்
ஜனவரி 11, 2026, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் முதல் வாரம் வியட்நாம் போகிறோம். நான், வீட்டுக்காரர், அத்தை, மூணு பேர். சைகோனில் ரெண்டு நாள், பிறகு டா நாங் போய் அங்கிருந்து காரில் ஹோய் ஆன். அங்கே நாலு ராத்திரி. தங்கும் இடமெல்லாம் முடிவாகிவிட்டது.

ஒரு விஷயத்தில்தான் வீட்டில் பேச்சு ஓயவில்லை. பழைய நகரத்துக்குள் வழிகாட்டி ஒருவர் நடந்தே கூட்டிப்போய், தெருவுக்கு ஒரு கடையில் சாப்பிட வைக்கிற சுற்றுலா நிறைய இருக்கிறது. நாலு மணி நேரம். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் குறைவாக எதுவும் என் கண்ணில் படவில்லை. "நாமளே நடந்து பாத்துக்கலாமே" என்கிறார் இவர். எனக்கோ ஒரு ஊரைப் பற்றி யாராவது சொல்லக் கேட்டபடி நடக்கப் பிடிக்கும். அத்தைக்கு வயது 66. நடப்பதில் கவலையில்லை, தினமும் விடியக்காலம் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறவர். ஆனால் முட்டைகூடத் தொடமாட்டார். பன்றியும் இறாலும் வேகிற தெருவில் அவரை நாலு மணி நேரம் நிறுத்திவைப்பது நியாயமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

தாமிரபரணி
ஜனவரி 12, காலை 7:05

தங்கச்சி, போங்க. நான் 2025 பிப்ரவரியில் போனேன். முதல் நாள் தனியாகச் சுற்றினேன், இரண்டாம் நாள் வழிகாட்டியோடு சுற்றினேன். இரண்டும் ஒரே தெருக்கள்தான். ஆனால் முதல் நாள் பார்த்தது மஞ்சள் சுவரும் காகித விளக்கும் மட்டும்.

பிற்பகல் மூன்றரைக்கு மார்க்கெட் முனையில் ஆரம்பித்தோம். மொத்தம் ஆறு பேர். வழிகாட்டி அந்த ஊர்ப் பெண். எடுத்த எடுப்பில் சாப்பாட்டுப் பக்கம் போகவில்லை, ஒரு கிணற்றைக் காட்டினாள். பா லே கிணறு. சந்துக்குள் சந்து போய், வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் சதுரமாக ஒரு கிணறு. அந்தப் பக்கத்தை முன்பு ஆண்ட சாம் மக்கள் காலத்தது என்பது ஊர் வழக்கு. 'காவ் லாவ்' என்று ஒரு நூடுல்ஸ் அந்த ஊருக்கே சொந்தம். அதன் மாவை இந்தக் கிணற்றுத் தண்ணியில்தான் செய்யணும், எதிரே கடலில் இருக்கிற சாம் தீவின் மரச் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்த நீரில் அரிசியை ஊறவைக்கணும் என்பார்கள். இன்றைக்கு ஊரில் விற்கிற அத்தனை கிண்ணமும் அந்த ஒரு கிணற்றுத் தண்ணியில் செய்தது என்று நான் நம்பவில்லை. ஆனால் சாம்பல் நீர் விஷயம் உண்மையிலேயே வேலை செய்கிறது. சாம்பலின் அந்தக் காரத்தன்மையில்தான் நூல் லேசாகப் பழுப்பேறி, கடித்தால் பல்லில் நிற்கிற பதத்துக்கு வருகிறது. அரைத்த மாவை வேகவைத்து, பிசைந்து, தேய்த்து, வெட்டி, மறுபடியும் ஆவியில் வைக்கிறார்கள். நம் வீட்டில் இடியாப்பத்துக்குப் படுகிற பாட்டைப் போல இரண்டு மடங்கு.

கிணற்றைப் பார்த்த கையோடு அந்த நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனாள். கிண்ணத்தின் அடியில் ரெண்டு கரண்டி சாறுதான் இருக்கும். மேலே சீனத்து முறையில் மசாலாவில் ஊறிய பன்றி இறைச்சி, ட்ரா குவே கிராமத்துக் கீரை, அதே மாவைச் சதுரமாக வெட்டிப் பொரித்த மொறுமொறு வில்லைகள். தடித்த நூலைப் பார்த்து ஜப்பான் வழி வந்தது என்கிறவர்களும் உண்டு. தண்ணி சாம் மக்களுடையது, இறைச்சி சீனர்களுடையது, கீரை ஆற்றங்கரை வியட்நாம் விவசாயியுடையது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துக் காட்டி அவள் சொன்னபோது எனக்கு அந்த ஊர் விளங்கிவிட்டது. தனியாகப் போயிருந்தால் "நூடுல்ஸ் நல்லாருக்கு" என்று எழுந்து வந்திருப்பேன்.

பிறகு ஜப்பானியப் பாலம். 1593இல் கட்ட ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். ஓடு வேய்ந்த கூரை, நடுவில் சின்னக் கோயில், ஒரு முனையில் நாய் சிலைகள், மறு முனையில் குரங்கு சிலைகள். 20,000 டாங் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது இந்தப் பாலம்தான், கையில் நோட்டை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். பூமிக்கடியில் ஒரு பூதம் கிடக்கிறதாம். தலை இந்தியாவில், வால் ஜப்பானில், உடம்பு ஹோய் ஆனில். அது புரண்டால் பூகம்பம், வெள்ளம். அதன் முதுகில் செருகிய வாள்தான் பாலம் என்று கதை. நான் இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும், "உங்க ஊர்ப் பக்கம் தலை அமைதியா இருக்கா?" என்று கேட்டாள். 1719இல் நுயென் பிரபு ஒருவர் இங்கே வந்து, தூரத்திலிருந்து வருகிறவர்களின் பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பலகை இன்னும் தொங்குகிறது. 2022 கடைசியில் பிரித்துப் பழுதுபார்க்க ஆரம்பித்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வர்ணம் புதுசாகத் தெரிகிறது என்று ஊர்க்காரர்களே குறைப்பட்டுக்கொண்டார்களாம். எனக்கு அந்தக் குறை தெரியவில்லை. மரம் பழசாக நாளாகாது, அந்த ஈரத்தில்.

பணம் பற்றி: நாலு மணி நேரம் ஒருவர் நம் பக்கத்திலேயே நடக்கிறார், ஏழெட்டு இடத்தில் சாப்பாடு, மறுநாள் எங்கே என்ன சாப்பிடலாம் என்ற தெளிவு. கொடுக்கலாம்.

தனிநடை
ஜனவரி 12, மதியம் 1:30

ஐயா சொல்வது ஐயாவுக்குக் கிடைத்த வழிகாட்டியால் வந்தது. எனக்கு அமைந்தது வேறு.

நான் போன குழுவில் பதினான்கு பேர். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். முன்னால் ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போக, பின்னால் நாங்கள். ஒவ்வொரு கடையிலும் ரெண்டு வாய், அதற்குள் அடுத்த கடை. கிணறும் இல்லை, கதையும் இல்லை. கடைசியில் தையல்கடைக்குக் கூட்டிப்போய் அரை மணி நேரம் உட்காரவைத்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குத் தனியாகப் போனேன். கடைகள் திறக்கவில்லை, வண்டி இல்லை, ஆற்றில் படகுக்காரர்கள் மட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காக இன்னொரு தடவை போவேன்.

ஊர் ரொம்பச் சின்னது. ட்ரான் ஃபூ தெரு, நுயென் தாய் ஹோக் தெரு, ஆற்றோரம் பாக் டாங் தெரு, மூன்றும் பக்கம் பக்கமாகப் போகின்றன. தொலைய வழியே இல்லை. பழைய நகரச் சீட்டு வெளிநாட்டவருக்கு 1,20,000 டாங். அதிலேயே சில பழைய வீடுகளும் சீன வியாபாரிகளின் சங்க மண்டபங்களும் பார்க்கலாம். காலையில் கொஞ்ச நேரமும் பிற்பகல் மூன்றிலிருந்து ராத்திரி வரையும் தெருவில் மோட்டார் வண்டி கிடையாது. சாப்பாட்டுக்குக் கையைக் காட்டினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லணும். பழைய வீட்டுக்காரர்கள் பலர் வீட்டைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே குடிபோய்விட்டார்கள். ராத்திரி ஏழு மணிக்கு ஆற்றோரத்தில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது. இதில் நாமும் ஒரு குழுவாகப் போய் நிற்கத்தான் வேணுமா?

தாமிரபரணி
ஜனவரி 12, இரவு 8:15

தம்பி சொன்ன மாதிரியும் நடக்கிறது, மறுக்கவில்லை. பணம் கட்டுமுன் ரெண்டு கேள்வி கேளுங்கள்: குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், வழிகாட்டி அந்த ஊரில் குடியிருப்பவரா. எட்டுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். வழியில் துணிக்கடை, விளக்குக்கடை உண்டா என்றும் கேட்டுவிடலாம்.

குடிபோய்விட்டார்கள் என்பது எனக்கும் வருத்தமே. ஆனால் என் வழிகாட்டி கூட்டிப்போன கடைகளில் பாதி, தெருவிலிருந்து பார்த்தால் கடை என்றே தெரியாது. ஆற்றைத் தாண்டி காம் நாம் தீவில் ஒரு அம்மா, வீட்டுத் திண்ணை மாதிரி ஒரு இடத்தில் 'பான் தப்' போடுகிறார். சுட்ட அரிசி அப்பளத்தின் மேல் வெந்த ஈர அப்பளத்தை வைத்து, மடித்து, கையால் ஓங்கி ஒரு அடி. தப் என்றால் அடிப்பது. தொட்டுக்கொள்ள நெத்திலி ஊறல். நான் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு அந்தத் திண்ணைக்குப் போனது. அது நல்ல கணக்கு.

பச்சிலை
ஜனவரி 13, காலை 10:20

சைவம் பற்றி நான் சொல்கிறேன். நான் பிறவி சைவம், வியட்நாமில் பன்னிரண்டு நாள் இருந்தேன்.

முதல் நாள் பட்டது: "இறைச்சி வேண்டாம்" என்று சொல்லி வாங்கின நூடுல்ஸில் இறைச்சி இல்லை, சாறு முழுக்க மீன். கடைக்காரம்மா ஏமாற்றவில்லை. நூக் மாம் என்கிற மீன் சாறு அங்கே உப்பு மாதிரி, அதை யாரும் அசைவம் என்று எண்ணுவதில்லை. பாதி சாப்பிட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு பிடித்த வார்த்தை 'ச்சாய்'. நம்ம டீயைச் சொல்கிற மாதிரியே ஒலிக்கும். பௌத்த விரதச் சாப்பாடு என்று அர்த்தம். "இறைச்சி வேண்டாம்" என்று விளக்காமல் "ச்சாய் சாப்பிடுகிறவர்" என்று சொன்னால் மீன் சாறு, இறால் எல்லாம் சேர்த்தே விலகிவிடும், பெரும்பாலும் முட்டையும். கெடுபிடியான ச்சாய் கடையில் வெங்காயம் பூண்டுகூடப் போடமாட்டார்கள், உங்கள் அத்தைக்கு அது பிடிக்கலாம். மீன் சாறுக்குப் பதில் சோயா சாறு ஊற்றுவார்கள்.

ஹோய் ஆனில் காவ் லாவ், மீ குவாங், பான் மீ (ரொட்டிக்குள் வைத்துத் தருவது) மூன்றுக்கும் ச்சாய் வகை உண்டு. பன்றிக்குப் பதில் தோஃபு, காளான். மீ குவாங் என்பது மஞ்சள் போட்ட அகல நூடுல்ஸ், மேலே வேர்க்கடலை, நொறுக்கிப்போட எள் தூவிய அப்பளம். அரிசி மாவும் மஞ்சளும் கரைத்துச் சட்டியில் ஊற்றுகிற 'பான் ஸெயோ'வும் ச்சாயாகச் செய்கிறார்கள். ஊற்றும்போது வருகிற 'ஸ்ஸ்' சத்தம்தான் அதன் பெயர். நம்ம தோசை மாதிரி புளிக்கவைப்பதில்லை. தொடக்கூடாதது 'வெள்ளை ரோஜா' என்கிற பூ மாதிரிக் கொழுக்கட்டை. வடிவத்தைப் பார்த்து அத்தை ஆசைப்படுவார், உள்ளே இறால்.

இன்னொரு முக்கியமான விஷயம். சந்திரக் கணக்கில் ஒவ்வொரு மாதமும் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் ச்சாய் சாப்பிடுவார்கள். மற்ற நாளில் மீன் விற்கிற கடையில்கூட அன்றைக்கு ச்சாய் பானை இருக்கும். பதினாலாம் நாள் ராத்திரி பழைய நகரத்தில் மின்விளக்கை அணைத்துக் காகித விளக்கு மட்டும் ஏற்றுவார்கள். உங்கள் தேதி எது?

உப்பளம்
ஜனவரி 13, இரவு 10:00

பச்சிலை, நீங்கள் அழுதேன் என்று எழுதியதைப் படித்து அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

நாங்கள் மார்ச் 1 மாலை போய்ச் சேர்ந்து 5ஆம் தேதி கிளம்புகிறோம்.

பச்சிலை
ஜனவரி 14, காலை 6:50

அப்படியானால் உங்களுக்கு யோகம். இந்த வருஷம் அவர்கள் புத்தாண்டு பிப்ரவரி 17. பதினாலாம் நாள் மார்ச் 2, பௌர்ணமி மார்ச் 3. அது வருஷத்தின் முதல் பௌர்ணமி, பெரிய நாள், சீனச் சங்க மண்டபங்களில் விசேஷமாகப் பூஜை நடக்கும். கூட்டம் இருக்கும், அதற்குத் தயாராகப் போங்கள். ஆனால் ச்சாய் சாப்பாடு எங்கே திரும்பினாலும் கிடைக்கும்.

அன்றைக்கே சந்திர கிரகணமும் இருக்கிறது. அத்தை கிரகணம் பார்ப்பவர் என்றால் 3ஆம் தேதி சாயங்காலம் சுற்றுலா வைக்காதீர்கள். 2ஆம் தேதியே முடித்துவிடுங்கள்.

வாடைக்காத்து
ஜனவரி 15, இரவு 11:30

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில இருக்கிறன். ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஹோய் ஆன் போனனான். ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை, அதைச் சொல்லத்தான் வந்தனான்.

அந்த ஊரே காத்தால வந்த ஊர். வாடைக்காத்து அடிக்கிற காலத்தில சீனாவிலயும் யப்பானிலயும் இருந்து கப்பல் தெற்கே வரும். சோழகம், அதுதான் தெக்குக் காத்து, எழும்பினாப் பிறகுதான் திரும்பிப் போகலாம். இடையில மாசக்கணக்கா காத்திருக்க வேணும். காத்திருந்த வியாபாரியள் வீடு கட்டினவை, கலியாணம் முடிச்சவை, கோயில் வைச்சவை. பதினேழாம் நூற்றாண்டில ஒரு தெரு முழுக்க யப்பானியர். 1635 அளவில யப்பான் அரசு தன்ர சனம் வெளிநாடு போறதை மறிச்சுப்போட்டுது, அந்தத் தெரு மெல்ல மெல்லச் சீனரின்ர கைக்கு வந்தது. 1644இல சீனாவில மிங் அரசு விழுந்த பிறகு இன்னும் கனபேர் வந்து சேர்ந்தவை. பிறகு து போன் ஆறு மண் மூடத் துவங்கிச்சுது. பெரிய கப்பல் எல்லாம் டா நாங்குக்குப் போயிட்டுது. துறைமுகம் செத்ததாலதான் ஊர் உடைபடாமல் தப்பினது. ஐரோப்பியர் ஃபைஃபோ எண்டு சொன்ன இடம் இதுதான்.

தாமிரபரணி ஐயா கிணறைச் சொன்னவர். அந்தக் கிணறு வெட்டின சாம் சனத்தின்ர கோயில் பாக்கோணும் எண்டால் மீ சன் போங்கோ, 40 கிலோமீற்றர் அளவில இருக்கு. செங்கல்லாலை கட்டின சிவன் கோயில்கள், நாலாம் நூற்றாண்டில பத்ரவர்மன் துவக்கினது. 1969இல அமெரிக்கன் குண்டு போட்டுப் பெரிய கோபுரம் விழுந்திட்டுது. எங்கட பக்கம் கோயிலில குண்டு விழுந்ததைக் கண்ட எனக்கு, அந்தக் குவியலுக்கு முன்னால நிக்க ஏலாமல் போச்சு. இந்தியத் தொல்லியல் துறை அங்க வேலை செய்யேக்க 2020இல ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒண்டு முழுசா மண்ணுக்குள்ள இருந்து எடுத்தவை. உங்கட அத்தையைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா. விடியக் காலமை போங்கோ, வெய்யில் தாங்கேலாது.

தனிநடை
ஜனவரி 16, காலை 9:10

வாடைக்காத்து அண்ணனுக்கு: மீ சன் கோயில்களை நிமிர்த்த எண்பதுகளிலிருந்து உழைத்த போலந்துக் கட்டடக் கலைஞர் கஸிமியெஷ் க்வியாட்கோவ்ஸ்கி. ஹோய் ஆனின் பழைய வீடுகளை இடிக்காமல் காக்கணும் என்று சொல்லி நின்றவரும் அவரே. 1997இல் ஹுவே நகரத்தில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். ரெண்டு வருஷம் கழித்து, 1999இல், ஹோய் ஆனும் மீ சன்னும் ஒரே ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. ட்ரான் ஃபூ தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. என் குழு அதைத் தாண்டித்தான் போனது, யாரும் நிற்கவில்லை. உங்கள் வழிகாட்டியை நிற்கச் சொல்லுங்கள், அக்கா.

உப்பளம்
மார்ச் 9, மாலை 5:45

போய்விட்டு வந்துவிட்டோம். சொன்ன எல்லாருக்கும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐயா சொன்ன ரெண்டு கேள்வியையும் கேட்டு, ஆறு பேர் குழு பிடித்தோம். மார்ச் 2, பிற்பகல் நாலு மணி. வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அத்தையை 'பா' என்றே கூப்பிட்டாள், பாட்டி என்று அர்த்தமாம். அங்கேயும் வயசுக்குத் தக்க முறை சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்ததும் அத்தைக்கு ஊரே பிடித்துவிட்டது.

அத்தை ச்சாய் என்று முன்கூட்டியே எழுதியிருந்தோம். எங்களுக்குப் பன்றி போட்ட காவ் லாவ் வந்த அதே நேரம், ரெண்டு வீடு தள்ளி ஒரு ச்சாய் கடையிலிருந்து அத்தைக்குத் தோஃபு போட்டது வந்தது. அவள் தன் தட்டையும் ச்சாயாக வாங்கிக்கொண்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லித் தரவில்லை அவளுக்கு. ரெண்டு கடையில் மட்டும் அத்தைக்கு ஒன்றும் இல்லை, அங்கே எலுமிச்சம்புல் போட்ட மூலிகைத் தண்ணி வாங்கிக் கொடுத்தாள்.

ஃபுக் கியென் என்கிற சீனச் சங்க மண்டபத்தில் அத்தை அரை மணி நேரம் நகரவில்லை. கடலோடிகளைக் காக்கும் தேன் ஹாவ் அம்மன், இருபுறமும் ஆயிரம் காதத்தைப் பார்க்கிற கண்ணுள்ளவன் ஒருவன், காற்றில் வருவதையெல்லாம் கேட்கிற காதுள்ளவன் ஒருவன். பின்னால் பன்னிரண்டு மருத்துவச்சித் தாய்மார், குழந்தை வேண்டி வருகிறவர்கள் கும்பிடுகிறார்கள். தூத்துக்குடிக் கடற்கரையில் வளர்ந்த எனக்கு, கடலுக்குப் போனவன் திரும்பணும் என்று ஒரு தெய்வத்தின் முன்னால் நிற்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பழைய வியாபாரி வீடு ஒன்றில் மாடித் தரையில் ஒரு கதவு மாதிரித் திறப்பு. வெள்ளம் வந்தால் கீழே இருக்கிற சரக்கை அதன் வழியே மேலே இழுத்துவிடுவார்களாம். போன அக்டோபர் கடைசியில் வந்த வெள்ளத்தில் தன் வீட்டுக்குள் தண்ணி எங்கே நின்றது என்று அந்தப் பெண் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். நாலு மாதம்தான் ஆகிறது. தெருவில் பல வீட்டுச் சுவரில் புதுச் சுண்ணாம்பின் வாசம் இன்னும் இருந்தது. இவர்தான், தனியாகப் போகலாம் என்று சொன்னவர், அந்த இடத்தில் நின்று அவளிடம் நிறையக் கேட்டார். வாசல் நிலைக்கு மேலே ரெண்டு மரக் குமிழ்கள், வீட்டின் கண்கள் என்கிறார்கள், அவற்றைத்தான் முதலில் துடைத்தார்களாம்.

தனிநடை, போலந்துக்காரர் சிலை முன்னால் நின்றோம். நீங்கள் சொன்ன காலை ஆறு மணி நடையையும் 4ஆம் தேதி போனோம். ரெண்டுமே வேணும் என்றுதான் எனக்குப் படுகிறது. முதலில் வழிகாட்டி, பிறகு தனியாக. மாற்றிப் போயிருந்தால் காலையில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்காது.

3ஆம் தேதி விடியக்காலம் மீ சன். வாடைக்காத்து அண்ணா, விழுந்த கோபுரத்தின் முன்னால் அத்தை உங்களுக்காகவும் கும்பிட்டார்.

அன்றைக்கு மாலை கிரகணம். நிலா எழும்போதே மறைந்திருக்கும் என்று இவர் சொல்லியிருந்தார். அறையிலேயே இருந்தோம், அத்தை நாலு மணியிலிருந்து தண்ணிகூடக் குடிக்கவில்லை. அங்கத்து நேரம் 8:17க்கு விட்டது. குளித்துவிட்டு வெளியே வந்தால் ஊர் முழுக்கப் பௌர்ணமிக் கூட்டம், மண்டபங்களிலிருந்து ஊதுவத்திப் புகை. முந்தின நாள் அந்தப் பெண் காட்டிக்கொடுத்த ச்சாய் கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மாவிடம் அத்தை தானே முன்னால் போய் "ச்சாய்" என்றார். அந்த அம்மா தலையசைத்துவிட்டு, கேட்காமலே பக்கத்தில் ஒரு கிண்ணம் கறுப்பு எள் கஞ்சியையும் வைத்தார்.